ஆபா வீட்டு மத்தியானங்கள்

உடம்பு முடியாமல் வீட்டில் கிடந்த நாட்களை நினைத்து நான் ஒருநாள் ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். இப்போது தேறிவிட்டேன். தலையில் முடி பழையபடி வளர்ந்து, தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஆனாலும் கம்பெனியில் மத்தியானத்து டீ வந்து, மெஷின் சத்தமெல்லாம் ஒரு கணம் அடங்கும்போது, இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த அறையும், பச்சைப் பெயிண்ட் அடித்த ஜன்னலும், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆபாவும் கண்முன் வந்துவிடுகிறார்கள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். லைன் சூப்பர்வைசர்கூட என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை, குழாயடியில் சண்டை, வீட்டில் நாத்தனாரோடு கல்யாணமான நாளிலிருந்து சண்டை. எதையும் மனதில் வைத்துக்கொண்டு போட்டதில்லை. பேசிக்கொள்வதற்கு எங்களுக்கு அது ஒரு வழி.

மார்பில் கட்டி என்று தெரிந்து, வேலூரில் ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் எல்லாம் மாறிவிட்டது. மகன் ஓசூரில் வேலையில் இருந்தான். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் வண்டியை எடுத்தால் இருட்டித்தான் திரும்புவார். அதனால் நாத்தனார் எங்கள் வீட்டுக்கே வந்து தங்கிச் சமைத்துப் போட்டார். இருபது வருஷமாக என் சமையலில் குறை கண்டுபிடித்த அதே நாத்தனார். இப்போது நான் எது சொன்னாலும் "சரிம்மா" என்றார். என் வீட்டுக்காரர் சத்தமாகச் செருமக்கூட பயந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, குரலைத் தாழ்த்தி இரண்டு வார்த்தை பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கம்பெனித் தோழிகள் முதல் மாதம் வந்தார்கள். பிறகு போனில் மட்டும் விசாரித்தார்கள். அப்புறம் அதுவும் நின்றது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒருநாள் வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தேன். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டு, உப்பு ஜாஸ்தி என்றேன். பழைய நாத்தனாராக இருந்தால், உன் நாக்கில்தான் கோளாறு என்று ஆரம்பித்து என் பிறந்த வீடு வரைக்கும் இழுத்திருப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய், புதிதாகப் பருப்பை வேகவைத்தார். அடுப்பு எரிகிற சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. நான் செத்துப்போய்விட்டதாகவே இவர்கள் முடிவு கட்டிவிட்டார்களோ என்று தோன்றியது.

வேலூரிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு வண்டி வரும். ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக முடியாதவர்களை வீட்டிலேயே வந்து பார்க்கிறவர்கள். ஆபரேஷன் செய்த இடம் ஆற நாளானதாலும் கை வீங்கியிருந்ததாலும் என் பேரும் அவர்களிடம் இருந்தது. நர்ஸ் புண்ணைப் பார்த்துக் கட்டு மாற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கூட வரும் இன்னொரு பெண்மணி மட்டும் உட்கார்ந்திருப்பார். மருந்து, ஊசி எதுவும் அவர் கையில் இருக்காது. பேசுவதுதான் அவர் வேலை என்று நர்ஸ் சொன்னார். நான் அவரை மேடம் என்பேன். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவர். நாற்காலி போட்டாலும் தரையில்தான் உட்காருவார். ஊறுகாய் என்றால் உயிர்; நாத்தனார் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தால் வெறுமனே தொட்டு நக்கிக்கொண்டே பேசுவார்.

முதல் சில வாரங்கள் நான் அவரிடம் பிடிகொடுக்கவில்லை. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பார். நல்லா இருக்கு என்பேன். தூக்கம் வருகிறதா என்பார். வருது என்பேன். பதில் வராததற்காக அவர் எழுந்து போகவும் மாட்டார், புத்தி சொல்லவும் மாட்டார். அந்த சாம்பார் நடந்த வாரம் அவர் வந்தபோது நானே ஆரம்பித்தேன்.

"என்கூட யாரும் சண்ட போட மாட்றாங்க மேடம்" என்றேன்.

சொன்னதும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எந்தச் சண்டை ஞாபகம் வருகிறது என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். லைனில் நூல் கண்டுக்காக நடந்தது, என் சீமந்தத்தில் நாத்தனார் என் புடவை நிறத்தைக் குறை சொன்னது, என் வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு என்னைக் கேட்காமல் ஆரஞ்சு கலர் சீட் போட்டது. சொல்லி முடிக்கும்போது வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் நான் அவரிடம் முதன்முதலாகப் பேசியது.

அடுத்த தடவை வந்தபோது அவர் ஒரு விஷயம் கேட்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு முஸ்லிம் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார், அவருக்கு வயிற்றில் நோய், அறையை விட்டு வெளியே வருவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. என்னைப் பற்றிச் சொல்லி, கூட்டிவரட்டுமா என்று கேட்டதற்கு அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லையாம். நான் வருவேனா என்றார்.

"ஆறுதல் சொல்றதுக்கா? எனக்கு அதெல்லாம் வராது மேடம்."

"அதனாலதான் உங்கள கூப்புடுறேன்" என்றார்.

எனக்கு ஏற்றவேண்டிய மருந்து அதற்குள் முடிந்திருந்தது. நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேடத்தோடு போனேன்.

நீளமான, குறுகலான வீடு. முன்பக்கம் அந்த அம்மாவின் கணவருடைய வியாபாரம். பதனிட்டு முடித்த தோலை வாங்கிக் கம்பெனிகளுக்கு விற்கிறவர். சுருட்டிவைத்த தோல்களின் வாசனையைத் தாண்டி, ஒரு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் அவர் அறை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெள்ளைத் துப்பட்டா தலையை மூடியிருந்தது. பன்னிரண்டாவது படிக்கும் மகள் எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள். மேடம் என்னை அறிமுகப்படுத்தினார். அந்த அம்மா திரும்பவில்லை. நான் டீயைக் குடித்தேன். டீ ருசியே தெரியவில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வதுபோல் முனகினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கும் வாய் கசக்குதா?"

"கசப்பு இல்ல. இரும்ப நக்குன மாதிரி இருக்குது."

"எனக்கு மண்ணெண்ண" என்றார். "எத வாயில வெச்சாலும் மண்ணெண்ண. சொன்னா இவங்க யாருக்கும் புரியல."

மெல்ல எழுந்து உட்கார்ந்தார். என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தலையைக் காட்டுங்கள் என்றார். நான் அவிழ்த்தேன். அவரும் துப்பட்டாவை இறக்கினார். இரண்டு மொட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டோம். என் தலை உருண்டையாக அழகாக இருக்கிறது, தன்னுடையது உரிக்காத தேங்காய் மாதிரி என்று ரொம்பக் கவலையோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. திரைக்கு அடியில் மகளின் பாதங்கள் தெரிந்தன, அங்கேயே நின்றிருந்தாள்.

அவர் என்னை அக்கா என்றார். நான் அவரை ஆபா என்றேன். உருதில் அதற்கும் அக்கா என்றுதான் பொருள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்று பிறகுதான் தெரிந்தது. யார் பெரியவர் என்று முடிவாகாமலே இருவரும் மற்றவரை மூத்தவராக வைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு மேடம் வராத நாட்களிலும் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் தொழுகை முடித்திருக்கும் நேரத்தில் போவேன். வழியில் பிரியாணிக் கடையில் தேக்சா அண்டாவைத் திறந்து காலியாக்கிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவின் அந்தப் பக்கமாக நடப்பேன். கொஞ்ச நாளில் பொத்தாமல் நடந்தேன். பிறகு ஒருநாள் கடை வாசலில் நின்று, கத்தரிக்காய்த் தொக்கு மட்டும் கொஞ்சம் கட்டித் தரச்சொல்லி வாங்கிப்போனேன். ஆபா ஒரு வாய் வைத்துப் பார்த்து, மண்ணெண்ணெய் கம்மியாக இருக்கிறது என்றார்.

மகள் சின்ன வயதில் விளையாடிய லூடோ அட்டை ஒன்று அந்த அறை பரணில் இருந்தது. அதை இறக்கிக் கட்டிலில் விரித்தோம். ஆபா தொழுகிற பெண், பொய் பேசாதவர், தெருவே மதிக்கிறவர். ஆனால் லூடோவில் கூசாமல் ஏமாற்றுவார். நான் தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கினால் காய் இரண்டு கட்டம் நகர்ந்திருக்கும். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். இல்லவே இல்லை என்று சாதித்தார். நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார்.

"நீங்க நோயாளின்னு நான் உட்டுக் குடுக்க மாட்டேன்க்கா" என்றார். "நானும் நோயாளிதான்."

நான் அட்டையைக் கவிழ்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் அகோரப் பசி. சோறு போட்டுக்கொண்டு, ரசத்தையும் அப்பளத்தையும் வைத்து இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்றார். ஆபாவோடு சண்டை என்றேன். அவர் பதறிப்போனார். போய்ச் சமாதானம் பேசிவிட்டு வரட்டுமா என்றார். யாரும் பேச வேண்டாம், மறுநாள் போய் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் போனபோது ஆபா அட்டையை விரித்து, காய்களை அடுக்கித் தயாராக வைத்திருந்தார். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்றார். அவர் காய் மட்டும் அந்த இடத்தில் இல்லை.

எங்கள் பேச்சுக்கு ஒழுங்கு கிடையாது. என் லைனில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் எந்தப் பண்டிகைக்கு என்ன கட்டினாள், இவற்றையெல்லாம் ஆபா கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டார். பார்க்காமலேயே என் லைனில் இருந்த எல்லோரையும் அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஏலகிரி போனதும், கொண்டைஊசி வளைவுகளில் அவர் கணவருக்குத் தலைசுற்றி, மேலே போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு நாளும் அறையிலேயே படுத்துக்கிடந்ததும், இவர் மட்டும் வெளியே நின்று மலையைப் பார்த்ததும் எனக்கு மனப்பாடம். நோயைப் பற்றியும் பேசுவோம். ஆனால் அது மழையைப் பற்றிப் பேசுவது மாதிரி நடுவில் வந்து போகும்.

சில மாதங்களில் ஆபாவுக்கு மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று மருந்துக்கு லீவு விட்டிருக்கிறார்கள் என்று அவர் கணவர் எல்லோரிடமும் சொன்னார். எனக்கும் அப்படியே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபாவின் வயிறு உப்பிக்கொண்டு வந்தது. கால்கள் குச்சியாயின. லூடோவில் காயை நகர்த்தவே அவருக்கு மூச்சு வாங்கியது. ஏமாற்றுவதை மட்டும் விடவில்லை.

ஒரு மத்தியானம், ஆட்டத்தின் நடுவே அவர் சொன்னார்.

"எனக்குத் தெரியும்க்கா. மருந்து இல்லன்னு."

நான் பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"இவங்க எல்லாரும் என்னப் பாத்து ஜாஸ்தியா சிரிக்கிறாங்க. அதுலயே தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். இவரு தாங்க மாட்டாரு. பொண்ணுக்குப் பரீட்ச வருது."

நான் சரி என்று தலையாட்டினேன். அடுத்த ஆட்டம் என்னுடையது, பகடையை உருட்டினேன். என்ன விழுந்தது என்று ஞாபகமில்லை.

அந்த வீட்டில் அப்போது எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். கணவர் முன்னறையில் தோல் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி உள்ளே வருவார். மனைவி சிரித்தபடி அவரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். மேடத்திடம் பேர் சொல்லாமல் சுற்றிவளைத்துக் கேட்டேன். அவருக்குப் புரியாமல் இருக்குமா. அவரும் அந்தக் கணவரோடு பல தடவை தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்றார். ஆபா சொல்ல நினைக்கிற நேரத்தில் பக்கத்தில் இருந்தால் போதும் என்றார்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் காலையில் சவாரிக்குப் போன என் வீட்டுக்காரர் பாதியிலேயே திரும்பி வந்தார். பாலாற்றில் தண்ணீர் வருகிறது, ஊரே அங்கேதான் இருக்கிறது என்றார். எங்களுக்குப் பாலாறு என்றால் மணல். கிரிக்கெட் ஆடுகிற இடம், முள்ளுச்செடி, குப்பை, நடுவில் கறுப்பாக ஒரு ஓடை. கரைக்குக் கரை தண்ணீர் போவதை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. நாத்தனார் மஞ்சள் குங்குமத்தோடு ஆற்றுக்கு ஓடிவிட்டார். நான் ஆபாவின் வீட்டுக்குப் போனேன்.

செய்தி எனக்கு முன்பே அங்கே போய்விட்டது. ஆபா கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் எதிரில் நின்றுகொண்டு, முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் நெரிசல், மழை, காய்ச்சல் வந்துவிடும், உடம்பு தேறியதும் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். உருதில்தான் பேசினார்கள். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தால் அந்த அளவுக்கு எல்லோருக்கும் புரியும்.

அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷமும் தண்ணீர் வரும் என்றார் அவர்.

"அடுத்த வருஷம் தண்ணி வரும்" என்றார் ஆபா. "நான் இருக்க மாட்டேனே. போறதுக்குள்ள பாத்துட்டுப் போறேன்."

மகள் டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். கணவர் கட்டிலில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். மருந்துக்கு லீவு விட்டீர்களே, அப்போதிலிருந்து என்றார் ஆபா. அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மகள் ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகவும் தோன்றவில்லை, இருக்கவும் முடியவில்லை.

ஆபா ஒரு கையை மகள் தலையிலும் ஒரு கையைக் கணவர் முதுகிலும் வைத்துத் தடவிக்கொடுத்தார். பிறகு, "அழுவுறத போய்ட்டு வந்து அழலாம்" என்றார். "தண்ணி போய்டும்."

என் வீட்டுக்காரரின் ஆட்டோவில்தான் போனோம். அந்த ஆரஞ்சு கலர் சீட்டில் தலையணைகளை அடுக்கி, ஆபாவை நடுவில் உட்காரவைத்து, ஒருபக்கம் நானும் ஒருபக்கம் மகளும் பிடித்துக்கொண்டோம். அவர் கணவர் முன்னால் டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியதில்லை.

ஆற்றங்கரையில் திருவிழாக் கூட்டம். போலீஸ் கயிறு கட்டியிருந்தது. பெண்கள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பர்தா போட்ட பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு போலீஸ்காரர் எங்கள் ஆட்டோவை மட்டும் கொஞ்சம் முன்னால் விட்டார். செம்மண் நிறத்தில் தண்ணீர், முள்மரங்களை வேரோடு புரட்டிக்கொண்டு, நுரை தள்ளிக்கொண்டு போனது. அந்தக் கரை எங்கேயோ இருந்தது.

ஆபா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தவர். அவரும் மணலைத்தான் பார்த்திருக்கிறார். கடைசியில், தண்ணீருக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று தனக்குத் தெரியாது என்றார். ஒருதரம் தொட்டுப்பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். அது முடியாத காரியம். கரை சரிந்துகொண்டிருந்தது.

அவர் கணவர் அதைக் கேட்டுவிட்டார். ஆட்டோவில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஆற்றுத் தண்ணீர் மேட்டோரப் பள்ளத்தில் ஏறித் தேங்கியிருந்த இடத்துக்கு, பேண்ட் நனைய இறங்கிப்போய், பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார். வழியில் இருந்தவர்களெல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள், வியாபாரத்தில் அவரைப் பெரிய மனுஷராக மதிக்கிறவர்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆட்டோவுக்கு வெளியே சேற்றில் முட்டிபோட்டு, மனைவியின் பாதங்களைக் கையில் ஏந்தி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஆபா குளிர்கிறது என்றார். காலை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. மகள் ஒருநாள், ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கத்தித் தீர்த்துவிட்டு, அன்று முதல் அம்மாவின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். மேடம் வந்தால் அவளைத் தனியாக மாடிப்படிக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்து பேசுவார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. கணவர் மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார். மூன்று பேராக லூடோ ஆடினோம். அவ்வளவு பெரிய வியாபாரிக்கு ஒரு காயைக் காப்பாற்றத் தெரியவில்லை. மனைவி தன் கண்ணெதிரே ஏமாற்றினாலும் கவனிக்கமாட்டார். காயைப் பார்ப்பதைவிட மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் காலேஜ் முடிக்கும் வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஆபா ஒருநாள் சொன்னார். கணவர் சரி என்றார். ஆபா மகளைக் கூப்பிட்டு, அவள் முன்னாலும் அவரைச் சொல்லச்சொன்னார். சொன்னார்.

வலிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். நர்ஸ் இப்போது அடிக்கடி வந்தார். கடைசி நாட்களில் ஆபா முக்கால்வாசி தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் லைன் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பேன். கண்ணைத் திறக்காமலே, அப்புறம் என்பார்.

ஒரு காலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் போய்க்கொண்டிருந்த நேரத்தில், செய்தி வந்தது. நான் போனபோது வீடு நிறைய பெண்கள். உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்கு அத்தனை நாள் போய்வந்தும், எங்கே உட்காரலாம், எதைத் தொடலாம் என்று தெரியாமல் திரைக்கு வெளியே நின்றேன். மகள்தான் எழுந்து வந்தாள். என்னை அவள் காலா என்பாள். அம்மாவின் கூடப்பிறந்தவளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அம்மாவை அம்மி என்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு போய், அம்மாவின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெரியம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபோது என் வீட்டுக்காரரும் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தோள்கொடுத்துப் போனார்.

நான் வேலைக்குத் திரும்பினேன். கை வீக்கத்தால் மெஷினில் உட்கார முடியாது. இப்போது தைத்து வருவதைச் சரிபார்க்கிற மேசையில் இருக்கிறேன். நாத்தனார் தன் வீட்டுக்குத் திரும்பிப்போய்விட்டார். போன தீபாவளிக்கு வந்தபோது என் அதிரசம் செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது என்றார். மனம் குளிர்ந்தது. எல்லாம் முன்புபோலத்தான். ஆனால் அந்த அறையில் மாதிரி, அடுத்து செய்யவேண்டிய வேலை என்று ஒன்றும் இல்லாமல், ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்க இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது? எனக்கே இல்லை. நோய் போனதில் சந்தோஷம்தான். அதோடு அந்த மத்தியானங்களும் போய்விட்டன.

மேடம் இன்னும் அந்த வண்டியில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் என்னைக் கூப்பிடுவார், போவேன். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்காது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு அம்மா, ஒருவரும் என்னை வந்து பார்க்க வேண்டாம், போங்கள் என்றார். போய்விட்டேன். இன்னொரு ஞாயிறு அவரே மேடத்திடம், அந்தக் கைவீங்கின பொம்பளை எங்கே என்று விசாரித்தாராம்.

ஆபாவின் மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். போன லீவில் ஒரு மத்தியானம் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் படிப்பைப் பற்றிப் பேசினாள். பிறகு துப்பட்டாவின் முனையை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"காலா, அம்மி உங்ககிட்ட தினமும் இன்னா பேசுவாங்க? வெளிய நின்னு கேப்பேன். சிரிக்கிற சத்தம் மட்டும்தான் கேக்கும்."

பெரிதாக ஒன்றும் பேசவில்லை என்று சொல்ல வந்தேன். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. பேர்ணாம்பட்டில் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தோழிகளோடு பந்தயம் கட்டி, தெருவின் தண்ணீர் டேங்க் மேல் ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்ததை ஆபா சொல்லியிருக்கிறார். கீழே அவர் அப்பா கத்த, மேலே இவர் பயத்தை மறைப்பதற்காக வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாராம். ஏணியோடு வந்தவர் மேலே ஏறுவதற்குள் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் போய்விட்டாராம்.

"அம்மியா?" என்றாள் அவள்.

அம்மியேதான் என்றேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு போனை எடுத்து, வர லேட்டாகும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, காலை மடக்கித் தரையில் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"அப்புறம் காலா?"

நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து, அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.